வெள்ளையனின் ஆறு பிள்ளைகள்

பதிவுத் தபாலில் போயிருக்க வேண்டிய ஓர் உறையை நானே சுமந்துகொண்டு ஏற்காட்டுக்குப் போனேன். என் முட்டாள்தனங்களில் இது முதலாவது என்று சொல்லமாட்டேன். இந்தப் பயணத்தில் முதலாவது. தபால் ஆபீசு எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரு சாலையைக் கடந்தால் போதும். நான் ஒரு மாநிலத்தைக் கடந்தேன்.

தலைமையாசிரியரிடம், "பிள்ளைகளோட படிப்பு சார். தபாலை நம்பி உட்கார முடியாது. நேர்ல குடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஏற்காட்டு ஏரியில் படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். முப்பது வருடமாகக் கேரளத்து ஏலக்காட்டு மலையில் ஒரு தமிழ்ப் பள்ளியில் எழுத்தராக இருக்கிறேன். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் தலைமேல் விழுகிற ஊர். ஒரு தடவையாவது தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

உறையில் இருந்தவை பதினொரு மாற்றுச் சான்றிதழ்கள். ஆடி மழையில் எங்கள் ஊர் எஸ்டேட் ஒன்றுக்குப் பின்னால் மலை வழுக்கி இறங்கியது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் இனி யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே வருடக்கணக்காக ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த சேர்வராயன் மலைக்காரர்கள், பாத்திரம் பண்டம், கோழி, டி.வி. எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரே வாரத்தில் சொந்த மலைக்குத் திரும்பிவிட்டார்கள். அப்போது எங்கள் பள்ளிக்கூடமே முகாமாக இருந்தது. சான்றிதழ் எழுத எனக்கு மேசை கிடைக்கவில்லை. மேசை கிடைத்தபோது பிள்ளைகள் இல்லை.

சேலத்தில் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரரிடம், "நான் மலையிலயே கிடக்கிறவன். இந்த வளைவெல்லாம் எனக்குப் படிக்கட்டு மாதிரி" என்று ஆரம்பித்தேன். அவர் ஏற்காடு கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பெயர் கந்தசாமி. மடியில் ஒரு சாக்குமூட்டை. மரியாதையாகத் தலையாட்டினார்.

எட்டாவது கொண்டை ஊசி வளைவில் படிக்கட்டு புரள ஆரம்பித்தது. ஒன்பதாவதில் நான் பேச்சை நிறுத்தினேன். பத்தாவதில் கந்தசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, கவர் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்றார்.

இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் உறை. பதினொரு பிள்ளைகளின் படிப்பு அதற்குள் இருந்தது. அவசர அவசரமாகத் தாள்களை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உறையை வேறு வேலைக்குப் பயன்படுத்தினேன்.

"சாக்குல புட்டுக்குழலு இருக்குதுங்க. ஒண்ணு எடுத்துக் குடுக்கலாம்னுதான் பார்த்தேன்" என்றார் கந்தசாமி, நான் மூச்சு வாங்கியதும். "ஆனா அது ரெண்டு பக்கமும் தொறந்திருக்குமுங்க."

சாக்கு நிறையப் புட்டுக்குழல்தான். நான் வேறு பக்கம் பார்க்கட்டும் என்பதற்காகவோ என்னவோ அவரே கதையைச் சொன்னார். "இருவது வருசமா கடை வெச்சிருக்கறேன். புட்டுக்குழலு ஒண்ணே ஒண்ணு வாங்கி மாட்டினேன். அழகுக்குத் தொங்குச்சு. இப்ப கேரளாவுல இருந்து நம்ம ஆளுங்க திரும்பி வந்தாங்க பாருங்க, வாரத்துக்கு ஒரு சாக்கு போகுது. அங்கத்த ஊட்டை உட்டுட்டு வந்தாங்க, நாக்கை உட்டுட்டு வரலீங்க."

ஏற்காட்டில் இறங்கியதும் நேரே ஏரிக்குப் போனேன். மூடுபனி. ஏரி இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நம்பித்தான் ஆக வேண்டும். படகுத்துறையில், "இன்னைக்கு இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்றார்கள். ஏரிக்கரைக் கடையில் மிளகாய் பஜ்ஜி தின்றேன். எங்கள் ஊரில் பஜ்ஜியென்றால் நேந்திரம்பழம், இனிக்கும். இங்கே மிளகாயைக் கடித்ததும் பனி, குளிர், பத்தாவது வளைவு எல்லாம் மறந்துபோயிற்று. லாட்ஜில் என் அடையாள அட்டையைப் பார்த்த மேலாளர், "கேரளாங்களா? காலையில புட்டு கெடைக்குமுங்க" என்றார், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. புட்டிலிருந்து தப்பித்து வந்தவன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை கொட்டச்சேட்டுக்கு ஜீப். ஓட்டுநர் பழனி. ஜீப்பில் உட்கார இடமில்லை, நிற்க இடமில்லை, மூச்சுவிட முறை வைத்துக்கொண்டோம். "இன்னும் ரெண்டு பேரு ஏறலாமுங்க" என்றார் பழனி.

"எங்கப்பா ஏர்றது?"

"நீங்க கொஞ்சம் வயித்தை உள்ள இழுத்தீங்கன்னா ஒருத்தருங்க. மூச்சையும் புடிச்சிக்கிட்டா ரெண்டு பேருங்க."

நான் இழுத்தேன். இருவர் ஏறினார்கள். என் சட்டைக்குள் சான்றிதழ்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது.

எனக்கு எதிரே இரண்டு பெண்கள். ஒருத்தி இங்கேயே இருந்தவள், இன்னொருத்தி திரும்பி வந்தவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ஏனுங்க்கா, உங்க ஊட்டுல இப்ப எத்தனை பேரு?" என்றாள் இங்கேயே இருந்தவள்.

"பதினாலு பேரு. என்ற ஊட்டுக்காரரு படுக்கறதுக்கு வரிசையில நிக்கறாரு."

"தண்ணி புடிக்க உங்க ஊட்டுக்கொடம் மட்டும் ஒம்போது நிக்குது. எங்க கொடம் பைப்பைக் கண்ணால பாத்து ரெண்டு நாளாச்சு. அந்த மலையை அப்படியே அங்கியே புடிச்சு வெச்சிருக்கக் கூடாதா நீங்க?"

"புடிச்சுத்தான் பாத்தோம். கை வழுக்கிருச்சு."

ஜீப் முழுக்கச் சிரித்தது. கேட்டவளும் சிரித்தாள். ஆனால் இறங்கும்போது, "சாயங்காலம் நாலு மணிக்கு மேல வா, கூட்டம் இருக்காது. என்ற கொடத்துக்குப் பின்னால உன்ற கொடத்தை வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முந்தைய பேச்சுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நான் யோசிக்கும் முன்பே பழனி வண்டியை எடுத்துவிட்டார்.

மலைக்கு ஆள் கூடினால் எதெல்லாம் மாறும் என்று அவர் வழிநெடுகப் பாடம் நடத்தினார். "முன்னெல்லாம் காப்பிப்பழம் பறிக்க ஆளு கெடைக்காம எஸ்டேட் ரைட்டரு ஊடு ஊடா ஏறி இறங்குவாருங்க. கல்யாணப் பத்திரிகை வெக்கற மாதிரி. இப்ப விடியக்காலம் அவரு ஊட்டு வாசல்ல அறுவது பேரு நிக்கறாங்க. அவரு பின்வாசல்ல எறங்கி ஓடறாரு."

கொட்டச்சேட்டில் நான் இறங்கியதும் பிள்ளைகள், "ஆபீஸ் சார்! ஆபீஸ் சார்!" என்று ஓடிவந்தார்கள். ஒரு கணம் நெகிழ்ந்துபோனேன். அதற்குள் நாலைந்து பேர் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதையும் பார்த்தேன். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. ஜூன் மாதம் புது நோட்டு கொடுத்த மறுநாள் வகுப்பு வகுப்பாகப் போய் லேபிள் பார்ப்பேன். பதிவேட்டில் இருக்கிறபடி பெயரும் இனிஷியலும் இல்லையென்றால் சிவப்பு மையில் அடித்துத் திருத்துவேன். யாரும் எனக்கு இட்ட வேலையில்லை. பள்ளிக்கூடத்தில் எழுத்தருக்கு அதிகாரம் என்று இருப்பது இந்த ஒரு நாள்தான். அதை ஏன் விடுவது?

கேரளத்தில் இவர்களைத் தமிழர் என்பார்கள். இங்கே அவர்களுடைய சாதிச் சான்றிதழில் மலையாளி என்று இருக்கிறது. இந்த மலைக்காரர்களுக்குக் காலங்காலமாக அதுதான் பெயராம். ஒரு மலையாள வார்த்தை தெரியாமல் மலையாளியாக இருந்தவர்கள், கேரளத்தில் மலையாளம் கற்றுக்கொண்டபின் தமிழரென்று திட்டு வாங்கினார்கள். நான் மட்டும் என்ன? அங்கே, தமிழன் என்பதால் பாண்டி. இங்கே, "கேரளாக்காரர் வந்திருக்கறாருங்க."

மதியச் சாப்பாடு சடையன் வீட்டில். சடையனும் அவர் மனைவி செல்லியும் எங்கள் ஊரில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் வேலைக்கு வருவார்கள், நன்றாகத் தெரியும். இங்கே அவருடைய அண்ணன் வெள்ளையனின் பழைய வீடு. சடையன் குடும்பம், அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம் மூன்றும் அதற்குள். மூன்று அடுப்பு. ஒன்றில் சாமைச்சோறு, ஒன்றில் அவரைக்குழம்பு, மூன்றாவதில் கேரளத்துக் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, வெந்துகொண்டிருந்தது. சாமைச்சோற்றில் அவரைக்குழம்பை ஊற்றிப் பிசைந்து, கடித்துக்கொள்ளக் கப்பை. இரண்டு மாநிலம் ஒரே தட்டில் சண்டையில்லாமல் இறங்கியது. மூன்றாவது தடவை சோறு கேட்டபோதுதான் இது மூன்று குடும்பத்துச் சோறு என்று ஞாபகம் வந்தது. அதற்குள் செல்லி பரிமாறிவிட்டாள்.

சடையனின் மகள் காவேரி பத்தாம் வகுப்பு. படிப்பில் கெட்டி, பேச்சில் கஞ்சம். எங்கள் பள்ளியில் ஒன்பது வருடம் படித்தவள். அவளுடைய சான்றிதழைக் கொடுத்தேன். வாங்கி ஒரு தடவை படித்தாள். நான்காக மடித்தாள். என் சட்டைப் பையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நன்றியென்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று நினைத்துக்கொண்டு கை கழுவினேன்.

பிற்பகல் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஒரே பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருப்பவன் தும்மினால் இந்த ஓரத்தில் இருப்பவன் கீழே விழுவான். தலைமையாசிரியை சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். அந்த இருபது வளைவையும் நாளுக்கு இரண்டு தடவை கடக்கிற பெண்மணி என்பதால் நான் எழுந்து நின்றே வணக்கம் சொன்னேன்.

கசங்கிய தாள்களை ஒவ்வொன்றாக நீவி வைத்துப் படித்தார். ஐந்தாவது தாளில் நின்றார். முதல் தாளை மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சார், இந்த வெள்ளையன் யாருங்க?"

"இந்த ஊர்க்காரர்தான் மேடம். ஆறு பிள்ளைங்க. நல்ல மனுஷன்."

"நல்ல மனுசன்தானுங்க. ஒரே வருசத்துல ஏப்ரல்ல ஒரு பொண்ணு, பேரு காவேரி. ஆகஸ்ட்ல ஒரு பையன், பேரு ரமேசு."

நாலு மாதம். நான் மனதுக்குள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். நாலு மாதம்தான்.

"அது... அவருக்கு ரெண்டு சம்சாரமா இருக்கலாம் மேடம்" என்றேன், வெள்ளையனின் மானத்தை விற்றாவது என் மானத்தைக் காப்பாற்ற.

"தாயார் பேரும் ஒண்ணையேதான் போட்டிருக்கீங்க."

வாசலில் நின்றிருந்த ரமேசு, "எங்கம்மாவுக்கு ஒரு சம்சாரம்தான் மேடம்" என்றான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

எனக்கு மெல்ல மெல்ல நினைவு வந்தது. காவேரி முதல் வகுப்பில் சேர்ந்த வருடம் எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்த பட்டியல் லயம் வாரியாக இருந்தது. ஐந்தாம் லயம், மூன்றாம் வீடு, வெள்ளையன், பிள்ளைகள் ஆறு. நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் எஸ்டேட்டில் வீடு. வெள்ளையன் ஒருவர்தான் நிரந்தரம். தம்பி குடும்பமும் தங்கை குடும்பமும் அவர் வீட்டிலேயே ஒண்டியிருந்தன. நான் பட்டியலைப் பார்த்தேன், ஆறு பிள்ளைகளையும் அள்ளி வெள்ளையன் மடியில் போட்டேன், டீ குடிக்கப் போய்விட்டேன். மார்க்கு அட்டையில் கையெழுத்துப் போட்டதும் வெள்ளையன்தான்; அந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஒன்பது வருடம், வருடா வருடம் பதிவேட்டைப் புதிதாக எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த நாலு மாதம் என் கண்ணில் படவில்லை.

"சின்னப் பிள்ளைங்களுக்கு மெதுவாத் திருத்திக்கலாமுங்க. அவசரமில்லை" என்றார் தலைமையாசிரியை. "காவேரி பத்தாவது. பொதுத்தேர்வுக்குப் பேரு ஏத்தறதுக்கு நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். ஆதார்ல அப்பா சடையன். உங்க சான்றிதழ்ல அப்பா வெள்ளையன். நான் எதை ஏத்தறது?"

எனக்கு ஓய்வு பெற ஆறு மாதம்தான் இருக்கிறது. தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் அது பணிப்பதிவேட்டில் ஏறும். முப்பது வருடம் எல்லாருடைய தவறையும் சிவப்பு மையில் அடித்தவன், போகிற நேரத்தில் தன் பெயரிலேயே ஒரு சிவப்புக் கோட்டோடு போவதா? எனவே வழக்கமான என் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"மேடம், பெரியப்பாவும் அப்பா மாதிரிதானே. இப்போதைக்கு வெள்ளையன்னே ஏத்திருங்க. பொண்ணு பரீட்சை எழுதட்டும். ஒரு பேருதானே, பின்னால பாத்துக்கலாம்."

சடையன் அதுவரை கதவோரமாக நின்றிருந்தார். பேசாத மனிதர். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நானு அவளுக்கு யாருங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார். என் சிரிப்பை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியவில்லை.

எங்கள் தலைமையாசிரியரிடம் பேச வேண்டும். போனில் ஒரு கோடுகூட இல்லை. "டவர் பாறைக்குப் போங்க சார்" என்றார்கள். ஊருக்கு மேலே ஒரு பாறை; அதன் உச்சியில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். முன்பெல்லாம் அங்கே ஆடு மட்டும் நிற்குமாம். இப்போது கேரளத்துக்குப் பேச வேண்டியவர்கள் எல்லாரும் வரிசையில். எனக்கு முன்னால் பதினேழு பேர். ஒருவர், அங்கே விட்டுவந்த நாய் சாப்பிட்டதா என்று பக்கத்து எஸ்டேட்காரரிடம் மலையாளத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்கள், "நாயிகிட்ட போனைக் குடுக்கச் சொல்லாதே, லேட்டாவுது" என்றார்கள்.

என் முறை வந்தது. தலைமையாசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெள்ளையன்கிட்ட, அவ என் பிள்ளை இல்லைன்னு ஒரு கடிதம் வாங்குங்க. உங்க தவறுன்னு நீங்க ஒரு விளக்கம் எழுதுங்க. ரெண்டையும் படமெடுத்து அனுப்புங்க. பதிவேட்டைத் திருத்திப் புதுச் சான்றிதழ் மெயில்ல அனுப்பறேன்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "படகுல போனீங்களா?" என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

மூன்றாம் நாள். வெள்ளையன் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போயிருந்தார், அங்கேயே தங்கல். காலை ஜீப்பில் உள்ளே இடமில்லை. ஐம்பத்தாறு வயதுக்கு ஆறு மாதம் குறைவான நான், பின்புறம் ஸ்டெப்னி டயரைக் கட்டிக்கொண்டு போனேன். என் சம்சாரத்தைக்கூட அத்தனை இறுக்கமாகப் பிடித்ததில்லை. பாதி வழியில் முன்சக்கரம் பஞ்சர். நான் கட்டிக்கொண்டு வந்த டயரை என்னிடமிருந்து பிரித்து மாட்டினார்கள். அது போனபின் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை, மீதியை நடந்தேன். வழியில் ஒரு தோட்டக்காரர் இரண்டு கொய்யாப்பழம் கொடுத்தார். "வந்த பசங்க பறிச்சது போக மிச்சம் இருக்கறது இதுதானுங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

வெள்ளையன் சில்வர் ஓக் நிழலில் இடுப்பில் கூடையோடு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாலு மாசத்துலயா! ஏனுங்க சார், என்ற ஊட்டுக்காரி கேட்டா உங்களைச் சும்மா உடமாட்டா."

"கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்தீங்கன்னா..."

"குடுக்கறேனுங்க. ஒரே ஒரு வருத்தமுங்க."

"என்ன வருத்தம்?"

"என்ற பேருல இருக்கறதுல படிக்கறது அது ஒண்ணுதானுங்க. அதைத் தம்பிகிட்டக் குடுத்துட்டு, ரமேசை மட்டும் என்ற தலையில கட்டறீங்களே."

ஒரு கல்மேல் தாளை வைத்து, எழுத்துக்கூட்டி எழுதினார். 'காவேரி என் தம்பி சடையன் மகள். எனக்கும் மகள்.' கடைசி இரண்டு சொல்லையும் எடுத்துவிடுங்கள், ஆபீசில் குழப்பம் வரும் என்றேன்.

"அதை எடுக்க மாட்டேனுங்க" என்றார்.

என் விரல் தானாகச் சட்டைப் பைக்குப் போய்ச் சிவப்புப் பேனாவைத் தொட்டது. தொட்டதோடு சரி. அப்படியே மடித்து வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வர ஜீப் இல்லை. காய்கறி ஏற்றிவந்த வேனில் சௌசௌ மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்றேகால். தலைமையாசிரியை ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவை எடுத்தேன், பழக்கதோஷம், சிவப்பு வந்துவிட்டது.

"நீலத்துல எழுதுங்க சார்" என்றார்.

காவேரி சன்னலோரமாக நின்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு எழுத வரவில்லை. 'கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தேன். யாருடைய கவனக்குறைவு என்று தலைமையாசிரியை கேட்பாரோ என்று பயந்து, 'என்' என்று முன்னால் சேர்த்தேன். மொத்தம் நாலு வரி. 'சடையனின் மகள் காவேரியை வெள்ளையனின் மகள் என்று நான் எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. தவறு என்னுடையது.' கையெழுத்துப் போட்டேன்.  

டவர் பாறையில் அன்றைக்கும் நீண்ட வரிசை. பத்தாவது படிக்கிற பிள்ளையின் பரீட்சை விஷயம் என்று சடையன் சொன்னதும் அத்தனை பேரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நாய்க்காரர்கூட. படங்கள் போய்ச் சேர்ந்தன. பிறகு காத்திருந்தோம். நாலு இருபது. நாலரை. பனி ஏறிவந்து, கையில் இருக்கும் போன் மட்டும் தெரிந்தது.  சடையன் அவ்வப்போது என் போனை எட்டிப் பார்த்தார். நான் ஒரு நகைச்சுவை சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதைக்குச் சிரித்தார். அதற்குச் சிரிக்காமலே இருந்திருக்கலாம். நாலு முப்பத்தாறுக்குச் சான்றிதழ் வந்தது. பாறையிலிருந்து நான் இறங்கியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பாதிதூரம் உட்கார்ந்தே வந்தேன்.

தலைமையாசிரியை பதிவேற்றினார். பள்ளிக்கூடத்து இணையத்தில் பரீட்சைத் தளம் ஒன்றுதான் திறக்கும், அதுவும் எங்கள் ஊர் மாட்டுவண்டியைவிடக் கொஞ்சம்தான் வேகம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலு ஐம்பத்தொன்றுக்கு நின்றது.

"ஏறிருச்சுங்க" என்றார்.

"என்ற பேரு எந்த எடத்துலீங்க இருக்குது?" என்று கேட்டார் சடையன். தலைமையாசிரியை திரையில் காட்டினார். சடையன் அருகில் போய்க் குனிந்து, படிக்கத் தெரியாத அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டின் நுனியால் திரையில் இருந்த தூசியை மெதுவாகத் துடைத்தார்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதனால் அன்று மாலையே ஏற்காட்டுக்குக் கடைசி ஜீப். செல்லி ஒரு பையில் ஆரஞ்சும் மிளகும் போட்டுத் தந்தாள்; கூடவே இரண்டு காலி பிளாஸ்டிக் பையும். பத்தாவது வளைவின் கதை கந்தசாமி வழியாக மலை முழுக்கப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பழனி ஹாரன் அடித்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறினேன்.

காவேரி வண்டிப் பக்கத்தில் வந்து நின்றாள். தவறை ஒப்புக்கொண்டாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. இனி என்ன, பழைய ஆபீஸ் சாராகவே கிளம்பலாம் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"ஏம்மா காவேரி" என்றேன், வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி. "ஒன்பது வருஷமா உங்கப்பா பேரு தப்பா இருந்திருக்கு. நீ நல்லாப் படிக்கிற பொண்ணுதானே? ஒரு தடவையாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"வருசா வருசம் லேபிள்ல 'ச. காவேரி'ன்னுதான் சார் எழுதினேன், நீங்கதான் செவப்பு மையில அடிச்சீங்க."